நவோ கொடைராவும் லீ சாங்-ஹ்வாவும்

ஜப்பானில் விளையாட்டு வீரர்களைப் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். 2009-இல் நவோ கொடைரா பல்கலைக்கழகப் படிப்பை முடித்தபோது எங்கும் பொருளாதார நெருக்கடி. கடைசியில் மட்சுமோட்டோ நகரின் அயிசாவா மருத்துவமனைதான் அவரை ஊழியராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவரிடம் ஒலிம்பிக் பதக்கம் எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளப் பட்டியல் எழுதியவன் சொல்கிறேன்: எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று கேட்டே இப்படிப்பட்ட கோப்பைப் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

அவருடைய விளையாட்டு ஐஸ் மீது ஓடும் வேக ஸ்கேட்டிங். 400 மீட்டர் வட்டத்தில் இருவர் இருவராக ஓடுவார்கள். கடைசியில் கடிகாரம் சொல்வதே தீர்ப்பு. 2014 ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. 27 வயதில் நெதர்லாந்துக்குப் போய் இரண்டு ஆண்டுகள் கற்றார். கோபம் கொண்ட பூனை போலத் தோளை உயர்த்தி ஓடு என்றாராம் அங்கிருந்த பயிற்சியாளர்.

அந்தக் காலத்தில் 500 மீட்டரின் ராணி தென்கொரியாவின் லீ சாங்-ஹ்வா. 2010, 2014 இரண்டிலும் தங்கம் அவருக்கே. சியோலில் ஒருமுறை கொடைரா அவரை வென்றார். வென்ற கையோடு விமான நிலையத்துக்கு ஓட வேண்டியிருந்தது. தோற்ற லீயே டாக்சி அழைத்து, வாடகையும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

2018 பிப்ரவரி 18, கொரியாவின் காங்னுங் அரங்கம். கொடைரா 36.94 வினாடியில் முடித்தார். ஒலிம்பிக்கில் 37 வினாடிக்குள் ஓடிய முதல் பெண் அவரே. ஜப்பானியர் ஆரவாரம் அடங்கவில்லை. அடுத்து ஓட வேண்டியவர் லீ. கொடைரா உதட்டில் விரல் வைத்துத் தம் மக்களையே அமைதியாக இருக்கச் சொன்னார். லீ 37.33 வினாடியில் வெள்ளி பெற்று, சொந்த மக்கள் முன்னே அழுதார். கொடைரா அருகே போய் அணைத்துக்கொண்டார். 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டது. அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆகவே இரு கொடிகளோடு இருவரும் சேர்ந்து சுற்றிவந்த காட்சியை இரு நாடுகளும் மறக்கவில்லை.

ஒலிம்பிக் மேடையில் பிரெஞ்சிலும் அறிவிப்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'மெதாய் தோர்' என்று காதில் விழுந்தால் இப்போதும் ஒரு மகிழ்ச்சி. ஆனால் கொடைராவுக்குப் புகழ் தந்தது தங்கம் மட்டுமல்ல, அந்த விரலும் அந்த அணைப்பும்தான்.

2022 பெய்ஜிங்கில், கணுக்காலில் அடிபட்டிருந்த அவருக்கு 17-ஆம் இடம். கொரியத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்த லீ அதைப் பார்த்து அழுதுவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில், சொந்த மாநிலமான நாகானோவின் எம்-வேவ் அரங்கில் 500 மீட்டரை வென்று கொடைரா ஓய்வு பெற்றார். அதுவரைக்கும் அவர் அந்த மருத்துவமனையின் ஊழியர்தான்.