மண்டையோடும் முழங்கால் முட்டும்

ஆதிச்சநல்லூர் பரம்பைத் தோண்டியவர்கள் எல்லாருமே மண்டையோட்டைத்தான் தேடினார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பொய்யில்லை. 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இடையில் பாரீசிலிருந்து லாப்பிக். வெண்கலமும் பொன்பட்டமும் அட்டவணைக்குப் போயின, எலும்பில் மண்டையோட்டுக்குத்தான் மரியாதை. 1930இல் சுக்கர்மன் (பிற்பாடு பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஆனவர்) சென்னை மியூசியம் வெளியீட்டில் எழுதியதும் மண்டையோடுகளைப் பற்றித்தான்.

அதே மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் உயிரோடிருந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாக எழுதி வைத்ததை இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். செத்தவனுக்கும் இருக்கிறவனுக்கும் ஒரே அளவுகோல். ‘இவன் யார் இனம்?’ என்பது ஒன்றே கேள்வி.

எலும்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொருள்தானா?

கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் ரப்பர் மாதிரி வளையும். சுண்ணாம்புச்சத்து கரைந்து, கொல்லாஜன் என்ற புரதநார் மட்டும் மிஞ்சுகிறது. அதையே சுட்டால் நார் எரிந்து, தொட்டால் நொறுங்கும். இந்த இரண்டின் கூட்டுதான் எலும்பு. ஆனால் சுவர் மாதிரி கட்டி முடித்த பொருளல்ல. ஒருவகைச் செல் அரித்துக்கொண்டே இருக்கிறது, இன்னொருவகை பூசிக்கொண்டே இருக்கிறது. பாரம் விழுகிற பக்கம் தடிக்கும், விழாத பக்கம் மெலியும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை அளந்த போவாஸ், தலைவடிவம்கூட ஒரு தலைமுறையில் மாறுவதை 1910களிலேயே காட்டிவிட்டார். இனத்தின் நிலைத்த முத்திரை என்று நம்பப்பட்டது சோற்றுக்கும் சூழலுக்கும் அசைந்துகொடுத்தது. அப்படியும் 2004–05 அகழாய்வில் சத்தியமூர்த்தி குழுவினர் எடுத்த எலும்புகளைப் பற்றிய ஆய்விலும் காகசாய்டு, மங்கோலாய்டு, நீக்ராய்டு என்ற அதே பழைய பெட்டிகள்! அறிக்கை வெளிவர ஒன்றரைப் பத்தாண்டு ஆனதைக் கண்டித்த நாம், இந்தப் பெட்டிகளைக் கண்டிக்கவில்லை. ‘உலகமே நம்மூர் துறைமுகத்துக்கு வந்தது’ என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது போல.

தாழிக்குள் கிடைக்காத ஒன்று உண்டு: குருத்தெலும்பு. காது மடலில், மூக்கு நுனியில், மூட்டுகளில் இருப்பது. பெரும்பகுதி தண்ணீர், சுண்ணாம்பு ஏறாததால் மண்ணில் நிற்பதில்லை. (தர்ஸ்டன் அளந்த மூக்கில் பாதி இதுதான்!) கருவில் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிறது. கை கால் எலும்புகளின் முனையில் அது தகடாக நின்று, இருபது வயதை ஒட்டி எலும்பாக மூடிக்கொள்ளும். தாழியில் தொடை எலும்பின் முனை தனியே கழன்று கிடந்தால் அது வளர்ந்து முடியாத பிள்ளை. செத்த வயதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மூட்டில் இருப்பதற்கு ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மடக்கி நீட்டும் அழுத்தத்தில் பஞ்சு மாதிரி உறிஞ்சித்தான் உணவு பெறும். அதனால் தேய்ந்தால் தேய்ந்ததுதான். தேய்ந்தபின் எலும்போடு எலும்பு உரசி, ஓரத்தில் முள் கிளம்பும். உரசிய இடம் பளபளக்கும். குருத்தெலும்பு மக்கிப்போனாலும் அது இல்லாமல் வாழ்ந்த வருடங்கள் எலும்பில் நிற்கின்றன. ‘எலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு’ என்பாள் எங்கள் ஆச்சி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் நாற்பது வருசம் நடவு நட்டவள். முதலில் தேய்ந்தது எலும்பல்ல என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்தத் தாழி மனிதர்களிடம் கேட்டிருக்க வேண்டியது இதை: யார் குனிந்தார்கள், யார் சுமந்தார்கள், பொன்பட்டத்தோடு புதைக்கப்பட்டவரின் முட்டும் வெறுந்தாழிக்காரரின் முட்டும் ஒன்றுபோலத் தேய்ந்தனவா? முட்டையும் முதுகெலும்பையும் பார்த்தால் இதில் கொஞ்சமாவது தெரியும். 2023 முதல் பரம்பில் குழிகளின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆச்சியைக் கூட்டிப்போனேன். குனிந்து பார்க்க முடியாமல், ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.