பொலிஸ் பெட்டியில் தொலைந்த நகை

களவுபோன நகையைப் பொலிஸ் மீட்கிறது. பிறகு பொலிஸ் நிலையத்திலேயே அது தொலைந்தால் யார் பொறுப்பு? இந்தியாவில் இதற்கு விடை வர 30 வருடம் பிடித்தது.

1947 செப்டெம்பரில் அமிர்தசரஸ் வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட் வந்தார். களவுப் பொருளோ என்று சந்தேகித்துப் பொலிஸார் பிடித்தார்கள். பிணையில் வந்தபின் வெள்ளி கிடைத்தது. 103 தோலா தங்கம் கிடைக்கவில்லை. பொறுப்பிலிருந்த தலைமைக் கான்ஸ்டபிள் அதோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். பொலிஸாரின் கவனக்குறைவை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றமே, 1964இல், இது அரசின் இறைமை அதிகாரத்தில் நடந்தது, நட்டஈடு இல்லை என்றது.

1977இல் நிலைமை மாறியது. மைசூர் மாநிலத்துப் பெண் ஒருவரின் நகைகள் மீட்கப்பட்டு, நீதவான் முன் காட்டப்பட்டு, பொலிஸ் காவலில் இருக்கும்போது காணாமல் போயின. கவனமாகப் பாதுகாத்ததாக அரசு நிரூபிக்கவில்லை. எனவே பொருள் இல்லாவிட்டாலும் பெறுமதியைக் கொடு என்று அதே நீதிமன்றம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

நம் நாட்டிலும் கைப்பற்றிய களவுப் பொருளைப் பொலிஸ் உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே முறைப்பாடு செய்யும்போதே நகையின் நிறை, அடையாளம், படம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொடுங்கள். பொலிஸ் கையிலிருக்கும் நம் பொருள் அமானிதம். அது தொலைந்தால் கேட்க, நம் கையில் எழுத்து இருக்க வேண்டும்.