குளிர்காலக் கைவேலையும் சரித்திர அறிவும்

இங்கிலாந்து தேசத்தில் கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாழடைந்த பழங்கோட்டை ஒன்றின் பக்கமாகச் செல்வோர் விந்தையானதொரு காட்சியைக் காணக்கூடும். தலையில் இரும்புத் தொப்பியும், மார்பில் பட்டைக் கவசமும், கையில் வளைந்த கேடயமும் தாங்கிய உரோமாபுரிப் படைவீரர் ஓர் அணியாய்ப் புல்வெளியில் நடைபோடுவர். வேறொரு திடலில் நீண்ட ஈட்டி ஏந்தியோர் ஒரு பக்கமும், பழைய துப்பாக்கி ஏந்தியோர் மறுபக்கமும் நின்று, முந்நூற்றெழுபது ஆண்டுகட்கு முன் முடிந்துபோன போரை மீண்டும் நடத்துவர். இவர்கள் கூலிக்கு நடிக்கும் நாடகக்காரர் அல்லர். வாரத்தில் ஐந்து நாள் ஆபீசிலும் தொழிற்சாலையிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்துவிட்டு, சரித்திரத்தின்மேல் கொண்ட பற்றினால் ஓய்வு நாளில் பழங்கால வேடம் பூணுகிறவர்கள்.

1968-ஆம் ஆண்டில் பிரிகேடியர் பீட்டர் யங் என்னும் படைச் சரித்திர ஆசிரியர் தொடங்கிய ‘ஸீல்டு நாட்’ என்னும் சங்கம், 1642 முதல் 1651 வரை இங்கிலாந்தில் அரச கட்சிக்கும் பார்லிமெண்டுக் கட்சிக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுவது. 1972-இல் கிளாஸ்டர்ஷயரில் தோன்றிய ‘எர்மின் ஸ்டிரீட் கார்டு’ என்னும் சங்கம் உரோமாபுரிப் படையைத் தன் பொருளாகக் கொண்டது. இவற்றைப் பின்பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எண்ணிறந்த குழுக்கள் நடைபெற்று வருகின்றன.

‘செத்துப்போன போரைத் திரும்பச் செய்வதில் பயன் என்னை?’ என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை போர்த்திடலில் இல்லை. அது குளிர்காலத்து வீட்டு விளக்கொளியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து.

திடல் ஓய்ந்த காலம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் தெரியாது. மழை விடாது பெய்யும் நாளில் பால்மரம் சீவ இயலாது. அன்று தோட்டத்து வீடுகளில் கிழிந்த சட்டை தைப்பதும், கத்தி தீட்டுவதும், கூடை முடைவதும் நடந்ததைப் பெரியவர்கள் அறிவர். மேல்நாட்டு வேடக் குழுவினருக்கும் அத்தகைய காலம் ஒன்று உண்டு. ஏறக்குறைய சித்திரை முதல் புரட்டாசி வரையே அவர்கள் திடலில் இறங்குவர். பின்னர் இருளும் குளிரும் சேறும் சூழ்ந்துவிடும். அந்த ஐந்தாறு மாதங்களில் அவர்கள் வீட்டில் அமர்ந்து அடுத்த ஆண்டிற்கு வேண்டிய உடை, செருப்பு, கவசம், பை, பாத்திரம் முதலியவற்றைத் தம் கையாலேயே செய்கின்றனர். அந்நாளைய கருவிகளைக் கொண்டு அந்நாளைய முறையிலே செய்வது இவர்களுள் சிறந்தோர் மேற்கொண்டுள்ள நெறியாகும்.

ஒரு சாதாரணச் சட்டையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் நடுக்காலத்துச் சட்டை, ஆளிச் செடியின் நாரில் நெய்த லினன் துணியால் ஆனது. அதை வெட்டும் முறை வியப்பானது. உடலுக்கும் கைக்கும் நீள்சதுரத் துண்டுகள். அக்குளில் ஒரு சிறு சதுரம். கீழே அகலத்திற்கு முக்கோணங்கள். உடம்பின் வளைவிற்கேற்ப வளைத்து வெட்டும் வழக்கம் அதில் இல்லை. ஏன்? படித்தறிந்தவன் ‘அக்காலத்து நாகரிகம் அது’ என்று சொல்லி நகர்ந்துவிடுவான். தக்களி பிடித்து ஒரு குளிர்காலம் நூல் நூற்றவனோ வேறு விடை கூறுவான். நூற்கும் இராட்டினம் ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் பரவத் தொடங்கிற்று. அதற்குமுன் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்களின் கைகள் ஓயாது தக்களியைச் சுற்ற வேண்டியிருந்தது. அத்துணை அரும்பாடுபட்டு வந்த துணியில் ஒரு விரற்கடை வீணாவதையும் அவர்கள் பொறார். ஆகவேதான் சதுரமும் முக்கோணமும்! வெட்டில் மிச்சம் விழாத வடிவம் அது. இந்த உண்மையை விரல்கள் நொந்த பின்னரே மனம் உள்ளபடி உணர்கிறது.

இரும்பு வளையச் சட்டையும் அத்தகையதே. கம்பியை ஒரு தண்டில் சுற்றி, வளையங்களாக வெட்டி, முனைகளைத் தட்டையாக்கித் துளையிட்டு, ஒவ்வொரு வளையத்தையும் வேறு நான்கு வளையங்களோடு கோத்து, சின்னஞ்சிறு தறையாணியால் முடுக்க வேண்டும். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். மாலை தோறும் அமர்ந்து வேலை செய்பவனுக்கும் ஒரு குளிர்காலம் போதாது. 1066-ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் என்னுமிடத்தில் நடந்த போரைச் சித்திரிக்கும் பேயோ பூவேலைத் துணியின் கீழ்க்கரையில், இறந்து கிடக்கும் வீரரின் உடலிலிருந்து வளையச் சட்டையை உருவும் காட்சி தைக்கப்பட்டுள்ளது. அதைக் கண்டு ‘எத்துணைக் கொடுமை!’ என்போம். கொடுமைதான். ஆனால் நூறு வளையம் முடுக்கிப் பார்த்தவன், அச்சட்டை என்ன விலை பெற்றிருக்கும் என்பதையும் உடனே உணர்வான்.

கை திருத்திய ஏடு

கைவேலை சரித்திரத்திற்கு அணிசெய்வதோடு நில்லாமல், சில வேளைகளில் சரித்திரத்தையே திருத்துவதும் உண்டு. அதற்கு ஓர் உதாரணம் கூறுவோம்.

உரோமாபுரி வீரரின் பட்டைக் கவசத்தை உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது. உரோமாபுரியில் டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூணில் அது செதுக்கப்பட்டுள்ளது. ஆனால் கல்லில் தெரிவது வெளிப்புறமே அன்றோ? இரும்புப் பட்டைகள் உள்ளே எவ்வாறு பிணைக்கப்பட்டன என்பதைத் தூண் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் தோல் சட்டையொன்றின்மேல் பட்டைகள் தைக்கப்பட்டிருக்கும் என ஊகித்துப் படமும் வரைந்தனர். 1964-ஆம் ஆண்டில் நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த கார்பிரிட்ஜ் என்னுமிடத்தில் நிலத்தை அகழ்ந்தபோது, ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதனுள் துருவேறிய கவசத் துண்டுகள் பல இருந்தன. லண்டன் கோபுரக் கோட்டையின் ஆயுதச் சாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன் என்பார் அவற்றை ஆராய்ந்ததோடு அமையாது, அவ்வாறே ஒரு கவசத்தைச் செய்தும் பார்த்தார். பட்டைகள் உட்புறத்துத் தோல் வார்களில் தறையாணியால் பொருத்தப்பட்டிருந்தன என்பதும், அதனால் அணிந்தவன் குனியவும் நிமிரவும் கை வீசவும் தடையில்லை என்பதும் அப்பொழுது தெளிவாயின. 1975-இல் அவர் உரோமாபுரிக் கவசங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். எர்மின் ஸ்டிரீட் சங்கத்தார் அவருடைய ஆலோசனையைப் பெற்றுத் தம் கவசங்களைச் செய்தனர். அவற்றை அணிந்து பல காதம் நடந்தபோது எந்த வார் தேய்கிறது, எந்தப் பித்தளைக் கீல் உடைகிறது என்பதும் தெரியவந்தது. ஏடு சொல்லாததைக் கல் சொல்லிற்று. கல் மறைத்ததைக் கை சொல்லிற்று.

யார்க் நகரில் காப்பர்கேட் என்னும் தெருவில் 1976 முதல் 1981 வரை நிகழ்ந்த அகழ்வில், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கம்பளிக் காலுறை ஒன்று கிடைத்தது. அது இக்காலத்தவர் இரண்டு ஊசி கொண்டு பின்னும் முறையில் ஆனதன்று. ஒரே ஊசியில் குட்டையான கம்பளி நூலைக் கோத்து, முடிச்சு முடிச்சாய் வளைத்துச் செல்லும் மிகப் பழைய முறையில் ஆனது. இன்று பல வேடக் குழுவினர் குளிர்கால இரவுகளில் இம்முறையையே பழகுகின்றனர். அவ்வாறு செய்த காலுறையில் ஒரு நூல் அறுந்தாலும் முழுதும் பிரிந்து போவதில்லை.

அவர்கள் நூலுக்கு ஏற்றும் சாயமும் நமக்கு அயலானதன்று. ஐரோப்பியர் நீல நிறத்திற்கு ‘வோடு’ என்னும் செடியின் இலையைப் பயன்படுத்தினர். அதிலுள்ள நீலமும் நம் அவுரியிலுள்ள நீலமும் ஒன்றே. அவர்களுடைய ‘மேடர்’ வேரும் தமிழகத்துச் சாயவேரும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டிற்கும் செந்நிறம் தரும் பொருளும் ஒன்றே. தேசம் வேறு, செடி வேறு. கைகண்ட உண்மை ஒன்று!

‘எவ்வாறு அறிந்தாய்?’

இத்தொழிலில் நேர்மையைக் காக்கும் வினா ஒன்று உண்டு. ‘எவ்வாறு அறிந்தாய்?’ என்பதே அது. ஒருவன் புதிதாய் ஒரு பையோ வாரோ செய்து கொண்டுவந்தால், மண்ணில் அகப்பட்ட பொருளைக் கண்டு செய்தானா, அக்காலச் சித்திரத்தைக் கண்டு செய்தானா, எழுத்தைப் படித்துச் செய்தானா என்று தோழர்கள் கேட்பர். ‘பக்கத்துக் குழுவில் ஒருவர் அணிந்திருந்தார்’ என்பது விடையாகாது. ஏனெனில் ஒருவன் செய்த பிழையை மற்றொருவன் பார்த்துச் செய்ய, பத்தாண்டில் அது பரம்பரை வழக்கமாகிவிடுகிறது!

வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்தது என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அகழ்வில் கிடைத்த எந்த வைக்கிங் கவசத்திலும் கொம்பில்லை. 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்திற்குக் கார்ல் எமில் டோப்ளர் என்பவர் வகுத்த உடைகளே அந்நம்பிக்கை ஊரெங்கும் பரவுவதற்குப் பெருங்காரணமாயின. நாடக மேடைக் கற்பனை நூறாண்டில் சரித்திரமாயிற்று. வழக்கத்தை ஆதாரமென்று எண்ணி ஏமாறுவது எல்லாத் தேசத்தாருக்கும் பொது என்பதை இதனால் அறிக. அந்த ஏமாற்றத்திலிருந்து மீள, ஊசியோடு வினாவையும் கையில் பிடித்தாக வேண்டும்.

பெயரறியாக் கைகள்

சரித்திர ஏடுகள் யாரைப் பற்றிப் பேசுகின்றன? மன்னரையும் தளபதியையும் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றன. செருப்புத் தைத்தவன் யார்? கம்பளி நூற்றவள் யார்? பெயரில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலாண்டா என்னும் உரோமாபுரிக் கோட்டை இருந்தது. காற்றுப் புகாத ஈரமண் அங்கே ஆயிரக்கணக்கான தோற்செருப்புகளை அழியாமல் காத்து வைத்திருக்கிறது. அவற்றுள் பெண்களின் செருப்பும் குழந்தைகளின் செருப்பும் உண்டு. படைவீரர் மட்டுமே வாழ்ந்த இடம் என்று நினைத்த கோட்டையில் குடும்பங்களும் வாழ்ந்தன என்று இச்செருப்புகள் சாட்சி கூறுகின்றன. 1973 முதல் அங்கே மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்து வருகின்றன. ஒரு கடிதம், யாரோ ஒரு வீரனுக்குக் காலுறைகளும் இரண்டு சோடிச் செருப்பும் இரண்டு உள்ளுடையும் அனுப்பியதைத் தெரிவிக்கிறது. ஒரு கணக்கில் மிளகு வாங்கிய செலவு குறிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்திய மலைச்சாரலில் யாரோ ஒரு பெயரறியாத உழைப்பாளி பறித்து உலர்த்திய மிளகு, ஏறக்குறைய பத்தொன்பது நூற்றாண்டுகட்குமுன் அக்குளிர்நாட்டுக் கோட்டை வரை சென்றது!

இவ்வியப்பு பழங்காலத்தோடு முடியவில்லை. கையால் செய்ய நேரமில்லாத வேடக் குழுவினர் கடைச்சரக்கை வாங்குகின்றனர். அவர்கள் வாங்கும் தலைக்கவசங்களிலும் வாள்களிலும் பல, வட இந்தியாவில் மீரத், டேராடூன் ஆகிய ஊர்களின் பட்டறைகளில் செய்து ஏற்றுமதியானவை. இங்கிலாந்தின் புல்வெளியில் உரோமாபுரி வீரனாக நிற்பவன் தலையில் பளபளப்பது, மீரத்தில் ஓர் இந்தியத் தொழிலாளி சுத்தியலால் தட்டி உருவாக்கிய இரும்பாக இருக்கலாம். அன்றைய கொல்லனுக்கும் பெயரில்லை. இன்றைய கொல்லனுக்கும் பெயரில்லை. தானே ஒரு கவசம் செய்து பார்த்து, கை கொப்புளித்தவன் மட்டுமே அவ்விருவரையும் நினைக்கிறான்.

‘போரை விளையாட்டாக்குவது போர்வெறியை வளர்க்காதோ?’ என்று சிலர் அஞ்சுகின்றனர். திடலில் மட்டும் நிற்பவனைப் பற்றி அவ்வச்சம் பொருந்தலாம். குளிர்காலம் முழுதும் ஒரு சட்டைக்காகக் கண் வலிக்கத் தைத்தவனோ, அது ஒரு நொடியில் ஈட்டியால் கிழிக்கப்படுவதை எண்ணிப் பார்க்கிறான். ஆக்குவதற்கு ஆறு மாதம். அழிப்பதற்கு ஒரு நொடி. போரைப் பற்றி இதனினும் சிறந்த பாடம் யாது?

அன்பர்களே! பெருமன்னர் கதையைப் படிக்கும்போது, அவன் அணிந்ததை நெய்தவர் யார், அவன் மிதித்ததைத் தைத்தவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் கையால் செய்தவற்றைச் செய்யும் முறையைக் கேட்டு, நாமும் ஒன்றைச் செய்து பார்ப்போம். பாயோ கூடையோ, எதுவாயினும் ஆகுக. கேட்டதைக் காது மறக்கலாம். செய்ததைக் கை எளிதில் மறப்பதில்லை.