பிளாப்பியில் ஏறிய சரக்கு

1995இல் பியர் ஒமிட்யார் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத்தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. பழைய பொம்மை, நாணயம், பீங்கான் என எதையும் தொட்டுப் பார்க்காமலே வாங்க வேண்டிய சந்தை அது. படம்தான் சரக்குக்குச் சாட்சி. அங்கே விற்ற சாதாரண ஆட்களுக்கு நல்ல கேமரா எது என்பதைப் படத்தின் துல்லியத்தைவிட, படம் கணினிக்குப் போய்ச்சேரும் வழிதான் தீர்மானித்தது என்பேன். 1997இல் வந்த சோனி டிஜிட்டல் மாவிகாவைப் பாருங்கள். கணினிகளில் பயன்பட்ட சாதாரண 3.5 அங்குல பிளாப்பி வட்டை அதில் செருகினால், 640×480 அளவுப் படங்கள் நேரே ஜேபெக் கோப்புகளாகப் பதியும். உருவிக் கணினியில் போட்டால் வேலை முடிந்தது. கேபிளும் வேண்டாம், தனி மென்பொருளும் வேண்டாம்.

பல நூறு டாலர் விலையிருந்த மாவிகாவைக் கட்டுப்படியாகும் கேமரா என்று சொல்லலாமா எனக் கேட்பது நியாயமே. ஆனால் பிலிம் கேமராவின் மலிவு முதல் நாளோடு சரி. சுருள், கழுவும் கூலி, பிரிண்ட், ஸ்கேனர் என்று செலவு தொடரும், ஏலப்பொருளும் அதுவரை காத்துக்கிடக்கும். நாணயத்தின் தேய்மானம் மாவிகாவில் தெளிவாகத் தெரியாது என்பதும் உண்மை. 2 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும் நிக்கான் கூல்பிக்ஸ் 950 அந்தக் குறையைத் தீர்க்க 1999 ஆனது. எனினும் மெதுவான 56கே மோடத்தில் பக்கத்தைத் திறந்த வாங்குபவருக்குச் சிறிய கோப்பே உதவி. யூஎஸ்பியும் கார்டு ரீடரும் பரவி, எல்லாக் கேமராவிலிருந்தும் படம் கணினிக்குப் போகும் வழி எளிதானதும் பிளாப்பிக்கு வேலை இல்லாமல் போனது.