கைக்குள் அடங்கிய கார்கள்: பழைய மாடல் கிட்களின் வரலாறு



பரணைச் சுத்தம் செய்யும்போது ஓர் அட்டைப்பெட்டி உங்கள் கையில் சிக்கலாம். உள்ளே அரைகுறையாக ஒட்டிய பிளாஸ்டிக் கார், ஒரு சக்கரம் இருக்காது, கண்ணாடியில் பசை பட்ட விரல்தடம். பழைய பேப்பர்காரர் அதைத் தராசில்கூட வைக்க மாட்டார். ஆனால் அமெரிக்காவில் 1960-களில் ஒரு சிறுவன் இப்படி ஒட்டிக் கெடுத்த காரைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து சீர்செய்கிறவர்கள் நிறைய பேர் உண்டு. கெட்டுப்போன பொம்மைக்கு ஏன் இந்தப் பாடு? அதற்கான பதில், டெட்ராய்ட் கார் தொழிலோடு பிறந்து வளர்ந்த இந்தக் கிட்களின் வரலாற்றில் இருக்கிறது.

ஷோரூமில் பிறந்த பொம்மை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் கார் விற்பனை சூடுபிடித்தது. ஒவ்வோர் ஆண்டும் புது வடிவம், புது நிறம். வாங்க வருபவருக்கு எல்லா நிறத்திலும் கார் நிறுத்திக் காட்ட ஷோரூமில் இடம் ஏது? கார் நிறுவனங்கள் தங்கள் புதுக் கார்களையே 25-இல் ஒரு பங்கு அளவில் செய்வித்து, நிஜக் காரின் அதே வண்ணம் பூசி விற்பனையாளர்களுக்கு அனுப்பின. 5 மீட்டர் நீளக் கார் 20 சென்டிமீட்டரில் உள்ளங்கைக்கு வந்துவிடும். அப்பா விலை பேசிக்கொண்டிருக்கும்போது கூட வந்த பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பொம்மை விளம்பரம் செய்துகொண்டே இருக்கும்.

இப்படிச் செய்துகொடுத்த நிறுவனங்களில் முக்கியமானது ஏ.எம்.டி. 1948-இல் மிச்சிகன் மாநிலத்தில் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் தொடங்கியது. 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர். சீக்கிரமே அவர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட, அலுமினியம் பெயரில் மட்டும் ஒளிந்துகொண்டது. ஜான் ஹான்லி டெட்ராய்டில் நடத்திய ஜோ-ஹான் இன்னொரு பெரிய பெயர். அக்காலத்தில் பயன்பட்ட அசிடேட் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு: ஆண்டுகள் போகப் போகச் சுருங்கி வளையும். 1950-களின் ஷோரூம் பொம்மைகள் பலவும் இன்று முதுகு வளைந்து நிற்பது அதனால்தான்.

ஒரு பெட்டி, மூன்று கார்

1958-இல் ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. ஷோரூம் பொம்மைக்காக வெட்டிய அதே அச்சில், காரை முழுதாக ஒட்டாமல் உதிரிகளாகவே பெட்டியில் போட்டு விற்றது. கூடவே சில கூடுதல் பாகங்கள். ஒரே பெட்டியிலிருந்து கம்பெனி வடிவம், சொந்த ரசனைக்கு மாற்றிய வடிவம், பந்தய வடிவம் என்று மூன்றில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். 'மூன்றில் ஒன்று' கிட் என்றே அதற்குப் பெயர் வந்தது.

இதைச் சாத்தியமாக்கியது அச்சு வேலை. சூடாக்கி இளக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் திறந்து எடுப்பார்கள். இட்லித் தட்டு மாதிரி மேலும் கீழும் திறக்கும் அச்சு என்றால் காரின் கூரை, கதவு, முகப்பு எல்லாம் தனித்தனித் துண்டாகத்தான் வரும். பக்கவாட்டிலும் நகர்ந்து திறக்கும் அச்சுத் துண்டுகளைச் சேர்த்ததால், காரின் உடல் முழுவதும் ஒரே வார்ப்பாக வந்தது. பத்து வயதுப் பையன் ஒட்டினாலும் கார் காராகவே தெரிந்தது. ஏ.எம்.டி.யில் இந்த வேலையில் முன்னின்ற ஜார்ஜ் டோடெஃப், 1960-களின் தொடக்கத்தில் வெளியேறி எம்.பி.சி. என்ற போட்டி நிறுவனத்தையே தொடங்கினார்.

சிகாகோவின் மோனோகிராம் 24-இல் ஒரு பங்கு அளவைப் பிடித்துக்கொண்டது. ஒரு அடிக்கு அரை அங்குலம் என்ற எளிய கணக்கு அது. கலிஃபோர்னியாவின் ரெவெல், 1950-களின் தொடக்கத்திலேயே பழங்காலக் கார்களைச் சிறு கிட்களாக விற்றுப் பெயர் வாங்கியிருந்தது. ஜப்பானின் தமியா 1967-இல் ஹோண்டா பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. போர்ஷே 934 கிட்டுக்காக அந்த நிறுவனம் ஒரு நிஜமான போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தது. கிட் 1976-இல் வந்தது.

பொழுதுபோக்கு பிழைப்பானதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தி, வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது. அங்கே கிட் கிடையாது. மரத்தைச் செதுக்கி, சொந்தக் கற்பனையில் கார் செய்ய வேண்டும். 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

அச்சு அழிந்த கதை

இனி நம் கேள்விக்கு வருவோம். எஃகு அச்சு வெட்டுவது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. 1962 மாடல் காருக்கும் 1963 மாடலுக்கும் முகப்பும் பின்விளக்கும்தான் மாறியிருக்கும். ஆகவே புது அச்சு செய்யாமல், பழைய அச்சையே மீண்டும் வெட்டி அடுத்த ஆண்டுக் காராக்கினார்கள். வியாபாரத்துக்கு அது சரி. ஆனால் அந்த நிமிடமே போன ஆண்டுக் கார் இல்லாமல் போனது. இனி அதை வார்க்கவே முடியாது. பிறகு அதே அச்சு பந்தயக் காராகவும் மாற்றப்பட்டது. சக்கர வளைவைப் பெரிதாக்கி, கதவுக் கோடுகளை அடைத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்த ஆண்டின் கிட் இன்று எங்கே இருக்கிறது? அன்று விற்ற பெட்டிகளில் மட்டும்தான். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சிறுவர்கள் வாங்கிய அன்றே பிரித்து ஒட்டிவிட்டார்கள். கட்டாத கிட் அபூர்வம், விலையும் அதிகம். மிஞ்சியிருப்பவை பசை வழிந்த, தூரிகையால் தீட்டிய, சக்கரம் போன கார்கள். அவற்றைச் சீர்செய்தால்தான் அந்த வடிவம் பிழைக்கும்.

சில வேளைகளில் நிஜக் காரே போய்விட்டு மாடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1955-இல் ஃபோர்டு நிறுவனம் லிங்கன் ஃபியூச்சுரா என்ற காட்சிக் காரைச் செய்தது. ரெவெல் 1956-இல் அதற்கு ஒரு கிட் வெளியிட்டது. பத்தாண்டு கழித்து ஜார்ஜ் பாரிஸ் அந்த ஒரே காரை மாற்றியமைத்துத் தொலைக்காட்சித் தொடருக்கு பேட்மொபைல் ஆக்கினார். பேட்மேன் காரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ரெவெல் கிட்டைத்தான் தேட வேண்டும்.

கிரைஸ்லரின் டர்பைன் கார் இன்னும் வருத்தமான கதை. விமான எஞ்சின் வகையில் ஓடிய கார் அது. டீசல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடும். மொத்தம் 55 கார்கள். 1963 முதல் 1966 வரை 203 பேரிடம் ஆளுக்கு மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் 46 கார்களை நிறுவனமே அழித்தது, ஒன்பதுதான் பிழைத்தன. ஜோ-ஹான் செய்த மாடலோ, எஞ்சின் உட்படப் பல வீடுகளுக்கு அன்றே போய்ச் சேர்ந்திருந்தது. இன்று ஜோ-ஹான் நிறுவனமும் இல்லை.

1970-களில் பிள்ளைகளின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. நிறுவனங்கள் கைமாறத் தொடங்கின. ஏ.எம்.டி. 1978-இல் இங்கிலாந்தின் லெஸ்னிக்குப் போய், பிறகு எர்ட்டல் வசமானது. ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் ஒன்றாயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில அச்சுகள் துருப்பிடித்தன, சில பழைய இரும்பாயின.

எப்படிச் சீர்செய்கிறார்கள்?

முதல் வேலை பிரிப்பது. பழைய பசை குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. காரைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து மெல்ல நெம்பினால் பல ஒட்டுகள் விட்டுவிடும். அடுத்தது பெயின்ட். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ பிரேக் ஆயிலிலோ ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார்கள். கையுறை கட்டாயம். தின்னர் மட்டும் ஆகாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பம்பரின் வெள்ளிப் பூச்சு, வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டாலே போய்விடும். திரும்பப் பூச அதற்கென்று இருப்பவர்களிடம் அனுப்ப வேண்டும். தொலைந்த பாகத்துக்கு, இன்னொருவரிடம் உள்ள அதே பாகத்தைக் கடன் வாங்கி, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து ரெசினில் வார்த்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரு பையன் 1963-இல் தன் கையால் பூசிய சிவப்புப் பெயின்ட்டும் வரலாறுதானே? அதைச் சுரண்டி எறியலாமா? பாட்டியின் கொலு பொம்மைகளுக்குப் புது வண்ணம் அடிக்கலாமா என்று உங்கள் வீட்டில் நடக்கும் அதே வாதம்தான். சிலர் பழைய பெயின்ட்டைத் தொடாமல் தூசி மட்டும் துடைத்து வைக்கிறார்கள். இன்னும் சிலர் பிரிப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காரின் வடிவம் அபூர்வமென்றால் சீர்செய்வதும், கட்டியவர் நம் வீட்டுக்காரர் என்றால் அப்படியே விடுவதும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இப்போது ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், அச்சு அழிந்துபோன சில கிட்களை, மிஞ்சியிருந்த பழைய கிட்டை ஸ்கேன் செய்து புது அச்சு வெட்டி மீண்டும் வெளியிடுகிறது. யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

உங்கள் வீட்டில் இருந்தால்

பிளாஸ்டிக் மாடல் எதுவானாலும் சில விஷயங்களைக் கவனியுங்கள். வெயில் படும் ஜன்னல் ஓரத்திலும், மொட்டைமாடி வெப்பம் இறங்கும் பரணிலும் வைக்காதீர்கள். மெல்லிய பாகங்கள் வளையும். வினைல் டயர்கள் பிளாஸ்டிக்கைத் தொட்டபடி ஆண்டுக்கணக்கில் கிடந்தால், டயரை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து, தொடும் பாகத்தை உருக்கிவிடும். டயர்களைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்கள். பிள்ளைகள் ஒட்டும்போது காற்றோட்டம் இருக்கட்டும். பசையைச் சிறுவர்கள் முகர்ந்து பார்க்கும் பழக்கம் பெரிய கவலையானதால்தான், 1960-களின் கடைசியில் டெஸ்டர்ஸ் நிறுவனம் தன் பசையில் காரம் ஏறும் கடுகு எண்ணெய்ச் சாரத்தைக் கலக்க ஆரம்பித்தது.

பெட்டியையும் வழிமுறைத் தாளையும் எறிந்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்பதற்கு அவைதான் சாட்சி. அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, குப்பை என்று ஒதுக்குவதற்கு முன் அந்தக் காரைப் புரட்டி அதன் அடித்தட்டைப் பாருங்கள். பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும்.