பெயரும் எலும்பும்

கிருஷ்ணகிரிப் பாறைகளில் தொல்விலங்கின் எலும்பைத் தேடுவது வீண். முதுகெலும்பு என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் முந்தியவை அவை. எலும்புக்கு அரியலூர் போகவேண்டும். அங்கேயும் ஒரு விஷயத்தில் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது.

அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த சில பிரம்மாண்டமான எலும்புகளுக்கு, 1980களின் இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 'புருஹத்காயசாரஸ் மாட்லியி' என்று பெயரிட்டார்கள். 'பெரும் உடல்' என்ற ஸம்ஸ்கிருதம், 'பல்லி' என்ற கிரேக்கம், கடைசியில் மாட்லி என்ற ஆங்கிலேயர். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் அது ஊனுண்ணி என்றார்கள். 1995இல் சங்கர் சாட்டர்ஜி, இல்லை, நீள் கழுத்துத் தாவர உண்ணி என்றார். பிறகு சிலர், இது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்று கேட்டார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிற பிரதேசம். கேள்வியை விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியாது. மீண்டும் பார்த்துத் தீர்க்கலாமென்றால், எலும்புகள் பொடிந்து போய்விட்டன. 2022இல் பாலும் அய்யாசாமியும் பழைய புகைப்படங்களை வைத்து, எலும்புதான், தாவர உண்ணிதான் என்று வாதிட்டார்கள். நிழலை வைத்து உடலை நிறுவும் காரியம்.

இதற்கு நேர் எதிரானது ஜபல்பூர்க் கதை. 1828இல் ஸ்லீமன் அங்கே எடுத்த வால் எலும்புகளுக்கு 1877இல் லிடெக்கர் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். எலும்பின் முன்புறம் குழிந்தும் பின்புறம் குவிந்தும் இருப்பதே அதன் தனி அடையாளம். பின்னால் பல கண்டங்களில் இதே அமைப்புள்ள வால்கள் வெளிப்பட்டன. தனி அடையாளம் குலப் பொதுவாயிற்று. 2003இல் வில்சனும் அப்சர்ச்சும், இந்தப் பெயர் எந்த விலங்கையும் பிரித்துக் காட்டவில்லை என்று தள்ளினார்கள். குலத்துக்கு மட்டும் அந்தப் பெயர் இன்னும் வழங்குகிறது. தொலைந்ததாகக் கருதப்பட்ட எலும்பு 2012இல் கல்கத்தாவில் அகப்பட்டது. எலும்பு வந்தது, பெயர் திரும்பவில்லை.

லிடெக்கர் பிழை செய்தார் என்று சொல்வதற்கில்லை. 1877இல் அந்தக் குழிவு தனித்தன்மைதான். ஒரு லட்சணம் தனித்தன்மையா பொதுத்தன்மையா என்பதை அதன்பின் வருகிறவையே தீர்மானிக்கின்றன.

தமிழில் ஒரு கவிஞனைப் 'படிமக் கவிஞன்' என்று குறித்தபோது அது ஏதோ ஒன்றைச் சொல்லிற்று. எல்லோரும் படிமம் எழுதத் தொடங்கியபின் அச்சொல் யாரையும் குறிப்பதில்லை. ஆனாலும் கட்டுரைகளில் புழங்குகிறது. கவிதையோ பழைய சிற்றிதழின் தாளோடு பொடிந்துகொண்டிருக்கிறது. கவிதையைப் பாராமலே பெயரை வைத்து வாதிடுகிறோம்.

தொல்லுயிரியலாருக்கு 'ஐயப் பெயர்' என்று ஒரு வகை உண்டு. வைத்த பெயர் போதவில்லை என்று அதில் எழுதி வைக்கிறார்கள். நம் விமர்சனத்தில் அந்தப் பத்தி இன்னும் திறக்கப்படவில்லை.