பாட்டன் விட்டுப்போன கல்

ஆவடியில் ரயில் ஏறினால் பெரும்பாலும் நாம் சென்ட்ரல் பக்கம்தான் ஓடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்த்திசை ரயிலைப் பிடித்துப் பாருங்கள். திருவள்ளூரில் இறங்கி, பூண்டி ஏரியைத் தாண்டிப் போனால் அல்லிக்குழி மலை. அங்கே காட்டுக்குள் நடந்தால் குடியம் குகைகள்.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை நினைக்காதீர்கள். மலையின் அடி உள்வாங்கி, மேல்பாறை கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். கிட்டே போனால், கடலை மிட்டாயில் கடலை மாதிரி பாறை முழுக்கக் கூழாங்கற்கள்! என்றைக்கோ தண்ணீர் உருட்டிச் சேர்த்தவை.

கோடரி செதுக்கத் தோதான கல். ஆதிமனிதன் விடுவானா? 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் பக்கத்து அத்திரம்பாக்கம் வந்தார். அங்கேயும் கோடரிகள்! வயசு? சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெளியே கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் சிலவகை அணுக்களை உண்டாக்கும். மண்ணில் ஆழமாகப் புதைந்தபின் அவை குறைந்துகொண்டே வரும். மிச்சத்தை அளந்தால் கணக்கு வந்துவிடும். சுற்றியிருந்த மண்ணும் சாட்சி சொன்னது.

அதனால் ஒரு வேண்டுகோள். போகிறவர்கள் ஞாபகத்துக்கென்று ஒரு கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மண்ணோடு இருக்கும்வரைதான் அது பேசும். உங்கள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல்!